யோகா காலையில், சிக்கல் முந்தின ராத்திரியில்

சேலத்தில் யோகா கிளாஸில் புதுமுகங்கள் நிறைய தென்படுவது வருஷத்தில் இரண்டு தடவை: ஜனவரி முதல் வாரம், அப்புறம் ஜூன் 21 யோகா தினத்தை ஒட்டி. மூன்றாவது வகைக்குத் தேதி கிடையாது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து டாக்டர் புருவத்தைத் தூக்கிய மறுநாள் வருகிறவர்கள் அவர்கள். மூன்று வகையினரும் செய்வது ஒன்றுதான். மேட் வாங்குகிற அன்றே அரிசி நிறுத்தம், சர்க்கரை நிறுத்தம், காபி நிறுத்தம், ஞாயிற்றுக்கிழமைக் கறி நிறுத்தம். சமையல் கட்டில் தினை, சாமை, வரகு, ஓட்ஸ் என்று நாலு டப்பா புதிதாக வந்து உட்காரும். மூன்றாவது வாரம் ஒரு கல்யாணம் வரும். பந்தியில் டயட் போய்விடும். "அதான் போச்சே" என்று மறுநாள் காலை யோகாவும் போய்விடும். அப்புறம் தினை டப்பாவில் வண்டு வைக்கிற வரைக்கும் யாரும் மூடியைத் திறப்பதில்லை.

மன உறுதி இல்லை என்று இவர்களைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. வரிசைதான் தப்பு. சாப்பாட்டையும் யோகாவையும் ஒரே நாளில் பிடித்தால் இரண்டும் ஒரே நாளில் கையை விட்டுப் போகும். இங்கே சொல்லப்போகும் வரிசை வேறு: முதலில் யோகாவுக்கு ஒரு நேரம், அடுத்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு நேரம், அதற்கும் அப்புறம்தான் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்ற பேச்சு. காலை டிபனும் மதியச் சாப்பாடும் அதற்கும் பின்னால். சாயங்கால நொறுக்குத் தீனி கடைசி. எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வர மூன்று மாதம் பிடிக்கும். அவசரப்படுகிறவர்கள் இப்போதே படிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

தொடங்கும் முன் யார் டாக்டரைக் கேட்க வேண்டும்

சர்க்கரைக்கு இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள், சாப்பாட்டு அளவையும் நேரத்தையும் மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். மருந்து பழைய அளவிலேயே இருக்க, சாப்பாடு குறைந்து உடற்பயிற்சி கூடினால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, படபடப்பு வந்தால் ஆசனத்தை அங்கேயே விட்டுவிட்டு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதித்துப் பாருங்கள். சர்க்கரை அளவு 70க்குக் (மி.கி./டெ.லி.) கீழேயே நின்றால் இன்னொரு தடவை அதே அளவு. மேட் பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் கிடக்கட்டும்.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கண்ணில் குளுக்கோமா உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்கள் பக்கமே போக வேண்டாம். குடலிறக்கம், இதய நோய், கர்ப்பம் இருந்தால், வயிற்றை உள்ளிழுத்து வேகமாக மூச்சைத் தள்ளும் கபாலபாதி வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கீழே பருப்பு, பயறு பற்றிச் சொல்லியிருப்பதைத் தங்கள் டாக்டர் சரி என்றால் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: யோகாவுக்கு நேரம், தட்டில் வழக்கமான சாப்பாடே

முதல் மூன்று வாரம் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். பரோட்டா சாப்பிடுகிறவர் பரோட்டாவே சாப்பிடட்டும். இந்த மூன்று வாரத்தில் வேலை ஒன்றே ஒன்று. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் மேட்டில் இருப்பது.

ஒரு மணி நேரம் வேண்டாம், அரை மணி போதும். நாலு சுற்று சூரிய நமஸ்காரம், படுத்துப் பவனமுக்தாசனம், குப்புறப் புஜங்காசனம், உட்கார்ந்து இடுப்பைத் திருகும் வக்ராசனம், ஐந்து நிமிடம் நாடிசுத்தி (மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி மூச்சு விடுவது), கடைசியில் சவாசனம். இதை முன்பின் தெரியாதவர்கள் முதல் மாதமாவது நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்வது நல்லது. புஜங்காசனத்தில் இடுப்பை அழுத்தித் தலையை மட்டும் அண்ணாந்து பார்க்கிற பழக்கத்தைத் திரையில் பேசுகிற மாஸ்டர் வந்து திருத்த முடியாது. ஊரில் யோகா கற்றுத் தரும் மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவும் உண்டு, செலவில்லாமல் போய்க் கேட்கலாம்.

நேரம்? சேலத்து வெயிலுக்குக் காலை ஐந்தரை முதல் ஆறரைக்குள் முடிப்பதுதான் சௌகரியம். ஏப்ரல், மே மாதங்களில் ஏழு மணிக்கே மொட்டை மாடித் தரை சுட ஆரம்பித்துவிடும். கொலுசுப் பட்டறையில் உட்காருகிறவர்கள், தறி ஓட்டுகிறவர்கள், ஷிப்டு வேலைக்காரர்களுக்கு இந்த நேரம் ஒத்துவராது. அவர்கள் மதியச் சாப்பாட்டுக்கும் ஆசனத்துக்கும் நடுவில் மூன்று நாலு மணி நேரம் இடைவெளி விட்டுச் சாயங்காலம் செய்யலாம். பட்டறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை தனியாக. நாள் முழுக்கக் கழுத்தைக் குனிந்து பற்றவைத்துவிட்டு வந்து மறுபடியும் முன்னால் குனிகிற ஆசனமாகப் போடாதீர்கள். புஜங்காசனம், சேதுபந்தாசனம் மாதிரி நெஞ்சைத் திறக்கிறவற்றுக்கு அரை மணியில் பாதியைக் கொடுங்கள்.

இந்த மூன்று வாரத்தில் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். அதில் இரண்டே விஷயம்: நேற்று ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிட்டு எழுந்தீர்கள், இன்று காலை உடம்பு எப்படி இருந்தது. "9.50. ஏப்பம், நெஞ்சு கரிப்பு." "8.00. லேசு." இப்படிச் சுருக்கமாக இருந்தால் போதும். என்ன சாப்பிட்டோம், எத்தனை கலோரி என்றெல்லாம் எழுத ஆரம்பித்தால் நோட்டு நாலாம் நாளே அலமாரிக்குப் போய்விடும்.

இங்கே விதிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆசனமும் மூச்சுப் பயிற்சியும் சேர்ந்த ஹட யோகத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ஹடயோகப் பிரதீபிகை, 15ஆம் நூற்றாண்டு நூல். யோகத்தைக் கெடுப்பவை என்று அதில் ஆறு விஷயங்கள் வருகின்றன. முதல் இடம் மிதமிஞ்சிய சாப்பாட்டுக்கு. அதே பட்டியலில் 'நியமாக்ரகம்' என்றும் ஒன்று உண்டு, விதியை உடும்புப் பிடியாகப் பிடிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். உரை எழுதிய பிரம்மானந்தர் அதற்குக் காட்டும் உதாரணங்களைப் பாருங்கள்: விடியற்காலையில் பச்சைத் தண்ணீர்க் குளியல், ராத்திரி மட்டும் சாப்பிடுவது, பழம் மட்டும் சாப்பிடுவது. "இனிமே பழம் மட்டும்தான்" என்று கிளம்புகிற நம் ஆட்களை யோக நூலே தடுத்து நிறுத்துகிறது. அது சொல்லும் அளவு எளிது: வயிற்றில் கால் பங்கைக் காலியாக விட்டுச் சாப்பிடு.

இரண்டாம் படி: ராத்திரிச் சாப்பாட்டை முன்னால் இழுப்பது

நாலாம் வாரம் நோட்டைப் புரட்டுங்கள். ஒன்பதரைக்கு மேல் சாப்பிட்ட நாளெல்லாம் காலையில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு முடிச்சு விழுந்திருப்பது இங்கேதான்.

காலை ஐந்தரைக்குள் இரைப்பை காலியாகியிருக்கும், ஒன்பதரைக்குச் சாப்பிட்டால் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்கலாம். கேள்வி சரிதான். கெடுவது தூக்கம். வயிறு நிறைந்த கையோடு படுத்தால் அமிலம் மேலே எதுக்களிக்கும், எண்ணெய்ப் பண்டம் என்றால் இரைப்பை காலியாகவே கூடுதல் நேரம் எடுக்கும், தூக்கம் விட்டுவிட்டு வரும், அலாரம் அடித்ததும் கை தானாக அதை அணைக்கும். தப்பித் தவறி எழுந்து மேட்டுக்கு வந்தாலும் காலையில் பசி இருக்காது. டிபன் வேண்டாம் என்று வெறும் காபியோடு கிளம்புவார். பதினோரு மணிக்கு டீக்கடையில் இரண்டு போண்டா. மதியம் அரைகுறைப் பசி. சாயங்காலம் ஆறு மணிக்கு அகோரப் பசி, கை நொறுக்குத் தீனிக்குப் போகும். அது செரித்து ராத்திரிப் பசி எடுக்கும்போது மணி ஒன்பதரை. இந்தச் சக்கரத்தை எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திப் பார்க்கலாம். ராத்திரியில் நிறுத்தினால்தான் மற்றதெல்லாம் தானாக நிற்கிறது.

நிறுத்துவது எப்படி? ஒன்பதரையிலிருந்து ஏழரைக்கு ஒரே தாவலாகத் தாவாதீர்கள். வாரத்துக்குக் கால் மணி நேரம். ஒன்பதரை, ஒன்பதேகால், ஒன்பது. வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. படுக்கைக்கும் கடைசிக் கவளத்துக்கும் நடுவே குறைந்தது இரண்டரை மணி நேரம் விழுந்துவிட்டால் போதும், அதற்கு மேல் முன்னால் இழுக்க வேண்டியதில்லை.

கடை வைத்திருப்பவர்களின் கஷ்டம் வேறு. செவ்வாய்ப்பேட்டையிலோ சின்னக் கடை வீதியிலோ கடையைச் சாத்தி, கணக்கு முடித்து, வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதே ஒன்பதே முக்கால். அவர்களிடம் எட்டு மணிக்குச் சாப்பிடு என்று சொல்வது கேலி. அவர்களுக்கு வழி, சாப்பாட்டை இரண்டாக உடைப்பது. ஆறரை மணிக்குக் கடையிலேயே கனமான பாதி: வீட்டிலிருந்து வந்த டிபன் பாக்ஸில் நாலு இட்லியோ, இரண்டு சப்பாத்தியும் பயறுக் குருமாவுமோ. வீட்டுக்கு வந்த பிறகு லேசான பாதி: ஒரு தோசை, அல்லது ஒரு டம்ளர் பால். கல்லாவை விட்டு நகர முடியாதவர்கள்கூட டீக்கு எழுந்து போகிறார்கள் இல்லையா, அந்தப் பத்து நிமிடம் போதும்.

வீட்டில் வருகிற எதிர்ப்பையும் எதிர்பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நாலு தோசை சாப்பிடுகிற பையன் இரண்டோடு கையைக் கழுவினால் அம்மா விடமாட்டார். "ஏங்கண்ணு, ரெண்டோட எந்திரிச்சிட்ட? ஒடம்புக்கு முடியலையா? சட்டினி நல்லால்லையா?" என்று தோசைக் கரண்டியோடு பின்னாலேயே வருவார். அவரிடம் டயட் என்ற வார்த்தையை எடுத்தால் தொலைந்தது. "காலைல நேரத்துல எந்திரிக்கணும்மா, வயிறு கனமா இருந்தா முடியமாட்டேங்குது" என்று சொல்லுங்கள். விடியலில் எழுகிற பிள்ளையை எந்த அம்மாவும் தடுக்கமாட்டார்.

மூன்றாம் படி: ராத்திரித் தட்டில் என்ன

நேரம் நிலைக்கு வந்த பிறகு பொருளுக்கு வரலாம். இட்லி மாவு இருக்கிற வீட்டில் ராத்திரிக்குத் தனியாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மாற வேண்டியது பக்கத்தில் வைக்கிற கிண்ணம். தேங்காய்ச் சட்டினி ஒரு கரண்டியோடு ஐந்து இட்லி என்பதை, ஒரு கிண்ணம் சாம்பாரோ பச்சைப்பயறு கடைசலோ வைத்து மூன்று இட்லி என்று ஆக்குங்கள். வயிறு நிறைவது குறையாது, புரதம் கூடும். பச்சைப்பயறு, கொள்ளு இரண்டிலும் 100 கிராமுக்கு 22 கிராமை ஒட்டிப் புரதம் இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் புரதம் தினமும் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். சட்டினியை நம்பினால் அது தேறாது.

கொள்ளை ராத்திரிக்கு வைக்காமல் மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்துக் கொள்ளுப் பருப்பு ருசியில் குறையில்லைதான், பழக்கமில்லாத வயிற்றில் ராத்திரி முழுக்கக் காற்றாக உருளும். லீ பஜாரில் மொத்தமாக வாங்கி வந்து ஒரே வாரத்தில் தீர்க்க நினைக்காதீர்கள். வாரம் இரண்டு தடவையில் தொடங்குங்கள்.

சிறுதானியம் பற்றி ஒரு பெரிய தப்பெண்ணம் சுற்றுகிறது. சாமைக்கு மாறினால் எடை குறையும் என்று. அரிசியோ, சாமையோ, தினையோ, ராகியோ, வேகவைக்காத 100 கிராமில் 320 முதல் 360 கலோரிதான், பெரிய வித்தியாசம் இல்லை. சிறுதானியத்தில் நார்ச்சத்து கூட, ராகியில் கால்சியம் 100 கிராமுக்கு 350 மில்லிகிராமைத் தொடும். அதற்காகத் தாராளமாகச் சாப்பிடலாம். இரண்டு கரண்டி அரிசிச் சோற்றுக்குப் பதில் நாலு கரண்டி சாமைச் சோறு சாப்பிட்டுவிட்டு எடை ஏன் இறங்கவில்லை என்று மாஸ்டரைக் கேட்காதீர்கள்.

இன்னொன்று ஜவ்வரிசி. சேலத்துக்காரர்களிடம் இதைச் சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும். மரவள்ளிக் கிழங்கும் சேகோ ஆலையும் எத்தனையோ குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தாயிற்று. ஊர்ப் பெருமையை நானும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் விரத நாளில் "லேசா இருக்கட்டும்" என்று ஜவ்வரிசி உப்புமாவும் கஞ்சியும் சாப்பிடுகிறார்களே, அது லேசான சாப்பாடு இல்லை. ஜவ்வரிசி கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம்கூட இல்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அரிசியைவிட இது எந்த விதத்திலும் மேல் கிடையாது. பாயசத்திலும் வடாமிலும் இருக்கட்டும், விரதத்துக்குப் பயறுச் சுண்டல் நல்லது.

நாலாம் படி: ஆசனம் முடிந்த அந்த ஒரு மணி நேரம்

எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். பசி தாங்காதவர்கள் ஆசனத்துக்கு அரை மணி முன்னால் பாதி வாழைப்பழம் சாப்பிடலாம், குற்றமில்லை. தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் காலை வரிசை வசதியாக அமைகிறது. எழுந்ததும் தண்ணீரோடு மாத்திரை, அப்புறம் ஆசனம், அது முடியும்போது காபிக்கு விட வேண்டிய அரை மணி, ஒரு மணி இடைவெளி தானாகக் கழிந்திருக்கும்.

காபியை நிறுத்தச் சொல்லும் மாஸ்டர்கள் உண்டு. என் கட்சி வேறு. தலைக்கு மேலே ஏற்காட்டில் காபி விளைகிற ஊரில் இருந்துகொண்டு அந்தச் சண்டை தேவையில்லை. மேட்டை மடித்த பிறகு ஒரு டம்ளர், சர்க்கரையை மட்டும் வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்துக்கொண்டே வாருங்கள். காபியையும் டீயையும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள் என்று 2024இல் வந்த தேசிய உணவூட்ட நிறுவன வழிகாட்டி சொல்கிறது. அவற்றில் உள்ள டானின், சாப்பாட்டின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தசோகை உள்ள பெண்கள் இட்லிக்குக் கூடவே காபி குடிக்கும் பழக்கத்தை முதலில் விடட்டும்.

ராத்திரி முன்னால் நகர்ந்திருந்தால் இப்போது எட்டு மணிக்கு நிஜமாகவே பசிக்கும். அந்தப் பசிக்கு நல்ல டிபன் கொடுங்கள். இரண்டு அவித்த முட்டை, அல்லது பாசிப்பருப்பு கூட விழுந்த பொங்கல், அல்லது அடை. இங்கே கஞ்சத்தனம் காட்டினால் பதினோரு மணிப் போண்டா திரும்பி வந்துவிடும்.

ஐந்தாம் படி: மதியம்

மதியச் சாப்பாட்டுக்கு நான் அதிகம் மெனக்கெடச் சொல்லமாட்டேன். தட்டில் முதலில் பொரியலும் கூட்டும் கீரையும் விழட்டும், அப்புறம் மிச்சமிருக்கும் இடத்தில் சோறு. இந்த ஒரு வரிசை மாற்றம் சோற்றின் அளவைச் சண்டையில்லாமல் குறைத்துவிடும். அதே 2024 வழிகாட்டி, கீரையும் சேர்த்து நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. எடை போட்டுப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். சூரமங்கலத்திலோ அம்மாபேட்டையிலோ உழவர் சந்தைக்கு வாரம் இரண்டு நாள் ஆசனம் முடிந்த கையோடு போய்விட்டு வருவது இதற்கு நல்ல ஏற்பாடு. வீட்டில் காய் இருந்தால்தான் தட்டில் காய் வரும். ராகிக் களி பிடித்தவர்களுக்கு மதியம்தான் சரியான நேரம், கீரை கடைசலோடு. ராத்திரிக் களி வேண்டாம்.

ஆறாம் படி: தட்டு வடை செட்

சாயங்காலம் ஆறு மணிக்குச் சேலத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு வண்டி கண்ணில் படும். வண்டிக்காரர் உள்ளங்கையகலத் தட்டு வடையை வரிசையாகப் பரப்பி, ஒன்றில் சிவப்புச் சட்டினியும் இன்னொன்றில் பச்சைச் சட்டினியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயத்தை விரல் நுனியால் அள்ளி வைத்து, மேலே இன்னொரு வடையை மூடி அழுத்துவார். வாயில் போட்டதும் மொறுக்கென்று உடைந்து, பீட்ரூட் சாறு சட்டினியோடு கலந்து கடைவாயில் இறங்கும். இதை விட்டுவிடு என்று எழுதுகிற வழிகாட்டி இந்த ஊருக்கு ஆகாது.

விட வேண்டாம், இடம் மாற்றுங்கள். மூன்று விதி போதும். ஒன்று, பசியோடு வண்டிக்குப் போகாதீர்கள். ஐந்து மணிக்கே ஒரு கை வேர்க்கடலையோ சுண்டலோ மோரோ உள்ளே போயிருக்கட்டும். பசியோடு போனால் ஒரு பிளேட் மூன்றாகும், கூடவே முட்டை நொறுக்கலும் வரும். இரண்டு, வாரத்தில் இரண்டு நாள் என்று கிழமை குறித்துவிடுங்கள். "எப்பவாவது" என்று வைத்தால் அது தினமும் ஆகிவிடும். மூன்று, செட் சாப்பிட்ட நாளில் ராத்திரிக்கு இட்லி மட்டும், எண்ணெயில் பொரித்தது இன்னொன்று வேண்டாம். சாயங்காலம் ஆசனம் போடுகிறவர்கள் செட்டை ஆசனத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பூண்டு செட் சாப்பிட்டுவிட்டு வந்து புஜங்காசனம் போட்டால் அவஸ்தை உங்களுக்கு மட்டும் இல்லை, பக்கத்து மேட்காரருக்கும்தான்.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். மெதுவான ஆசனப் பயிற்சியில் 60 கிலோ ஆளுக்கு ஒரு மணி நேரத்தில் செலவாவது 150 கலோரி அளவுதான். ஒரு பரோட்டாவும் கொஞ்சம் சால்னாவும் அதைத் தாண்டிவிடும். "யோகா செஞ்சுட்டேன், இன்னைக்கு சாப்பிடலாம்" என்ற கணக்கு எந்தக் காலத்திலும் நேராகாது. யோகா தருவது கலோரிச் செலவைவிடத் தூக்கமும், போதும் என்று வயிறு சொல்வதைக் காதில் வாங்கும் நிதானமும். அதற்காகச் செய்யுங்கள்.

கறி, மாம்பழம், ஆடி, மலை

கறியை விட்டால்தான் யோகா வருமா? ஆசனத்துக்கும் மூச்சுப் பயிற்சிக்கும் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. அகிம்சையை நோன்பாக எடுத்துக்கொண்டு விடுகிறவர்கள் விடட்டும், அது அவரவர் மனசு. உடம்புக்காக என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிக்குழம்பு இருக்கலாம். ராத்திரிக்கு அதே குழம்பைச் சுட வைத்துத் தோசைக்கு ஊற்றுவதை மட்டும் நிறுத்துங்கள். திங்கள் காலை உடம்பு கனமாக இருந்தால் சூரிய நமஸ்காரத்தைக் குறைத்து நாடிசுத்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள். மேட்டுக்கு வராமல் மட்டும் இருக்காதீர்கள்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை மாம்பழம். மல்கோவாவையும் இமாம்பசந்தையும் ராத்திரிச் சோற்றுக்கு மேலே சாப்பிடுகிற பழக்கத்தை, காலை பதினோரு மணிக்கு என்று தள்ளுங்கள். அந்த நேரத்துப் போண்டாவுக்கு அதுவே மாற்று. சர்க்கரை உள்ளவர்கள் பாதிப் பழம், சோறு குறைத்து.

ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் ஊரே கூழும் பொங்கலுமாக இருக்கும். அந்த வாரம் சாப்பாட்டு விதி எதையும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். அரை மணி யோகா மட்டும் நிற்காமல் ஓடட்டும். கல்யாண முகூர்த்தங்களுக்கும் இதே ஏற்பாடு. பந்தியில் சாப்பிடுங்கள், அடுத்த வேளையைப் பசி வந்தபின் சாப்பிடுங்கள், மறுநாள் பட்டினி கிடந்து கணக்கைச் சரிக்கட்ட நினைக்காதீர்கள்.

ஏற்காடு போகிறவர்கள் வெறும் வயிற்றோடு இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறாதீர்கள், நிறைந்த வயிற்றோடும் ஏறாதீர்கள். இரண்டும் தலையைச் சுற்றும். ஏரிக்கரைக் குளிரில் மிளகாய் பஜ்ஜி கூப்பிடும், இரண்டோடு நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். மேலே ராத்திரி தங்குகிறவர்கள் மறுநாள் காலை அங்கேயே மேட்டை விரித்துப் பாருங்கள். 1,500 மீட்டர் உயரக் குளிரில் உடம்பு சூடேற நேரம் எடுக்கும், அதனால் முன்னால் குனிகிற ஆசனங்களைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

நடுவில் சிக்கினால்

வயிறு உப்புசமாக இருக்கிறதா? நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டிவிட்டீர்கள். கீரை, பயறு, சிறுதானியம் மூன்றில் இந்த வாரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீரைக் கூட்டுங்கள். காலையில் பவனமுக்தாசனத்தில் கூடுதலாக ஐந்து மூச்சு இருங்கள். சாப்பிட்ட உடனே ஏதாவது ஆசனம் செய்யலாமா என்றால் வஜ்ராசனம் ஒன்றுதான், முட்டி வலி இல்லாதவர்களுக்கு மட்டும்.

ராத்திரி பதினோரு மணிக்குப் பசிக்கிறதா? சாயங்கால ஐந்து மணிக் கடலை விட்டுப்போயிருக்கும், அல்லது ராத்திரிக் கிண்ணத்தில் பயறு இல்லை. அந்த நேரத்துக்குச் சூடான பால் அரை டம்ளர் போதும். பிஸ்கட் பாக்கெட்டைத் திறந்தால் மூடமாட்டீர்கள்.

எழும்போது தலை சுற்றுகிறதா? சவாசனத்திலிருந்து நேராக எழாமல் வலப்பக்கம் ஒருக்களித்துக் கொஞ்சம் இருந்துவிட்டு எழுங்கள். வெயில் காலத்தில் மோரில் ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள். அப்படியும் இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள், அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் கட்டாயமாக.

ஒரு வாரம் முழுக்க இரண்டும் நின்றுவிட்டதா? திரும்பும்போது முதல் படிக்கே திரும்புங்கள். முதலில் மேட், மூன்று நாலு நாள் கழித்து ராத்திரி நேரம். விட்ட இடத்திலிருந்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்கப் பார்ப்பது, ஜனவரி மாதத்து வேலையை மறுபடி செய்வது.

எடை அசையவில்லையா? மூன்று மாதம் முடியும் வரை எடை மெஷினை விட்டு இடுப்பு அளவைப் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்கள் அந்த மூன்றாம் மாதக் கடைசியில் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாருங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால் அதற்கு முன் எடுத்தால் பழைய சாப்பாட்டின் கணக்கும் கலந்து வரும். டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு அந்த நோட்டையும் கொண்டுபோங்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து மாத்திரை அளவைக் குறைக்கலாமா என்று அவர் முடிவு செய்யட்டும், நீங்களாகக் குறைக்க வேண்டாம்.